இத்தாலியக் கடலோரச் சிற்றூரில் பத்து நாள் ஓய்வு: எந்த ஊரில் தங்குவது?

கேள்வி – தாழைமடல்

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் மாதத்தின் பிற்பாதியில் நானும் என் துணைவரும், எழுபது வயதைக் கடந்த என் அம்மாவும் இத்தாலியின் கடலோரத்தில் பத்து நாள் போல இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். விமானம் மிலானில் இறங்குகிறது, திரும்புவதும் அங்கிருந்துதான். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் ஆகிய நகரங்களை முன்பே பார்த்துவிட்டோம். ஆகவே இம்முறை அருங்காட்சியக வரிசைகளில் கால்கடுக்க நிற்கும் எண்ணம் அறவே இல்லை. காலையில் கடலைப் பார்த்தபடி ஒரு காப்பி, வெயில் ஏறும் முன் கொஞ்ச நேரம் நீச்சல், மதியம் ஒரு தூக்கம், மாலையில் கரையோரமாக நடை. இவ்வளவுதான் எங்கள் தேவை.

ஆனால் பயண ஏற்பாட்டாளர்களிடம் கேட்டால் மூன்று இரவு சின்க்வே தெர்ரே, மூன்று இரவு பொசிதானோ, இரண்டு இரவு காப்ரி என்று பெட்டியை இறக்கி ஏற்றவே நேரம் போதாத திட்டங்களைத்தான் தருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் முக்கால் மணி நேரம் நிதானமாக நடந்துவிடுவார். படிகள் என்றால் ஒரு மாடி ஏறுவதற்குள் நின்று விடுவார். அவர் சுத்த சைவம், முட்டையும் சேர்த்துக்கொள்வதில்லை. வாடகைக் கார் எடுத்து மலைப்பாதையில் ஓட்டும் துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை.

படங்களில் பார்க்கும்போது இந்த ஊர்கள் எல்லாமே மலையில் ஒட்டவைத்த வண்ண வீடுகளாகத்தான் தெரிகின்றன. முழங்கால் வலி உள்ளவரோடு ஓரிடத்தில் நிலையாகத் தங்கி ஓய்வெடுக்கத் தக்க ஊர் அவற்றில் உண்டா? உண்டென்றால், புகழ்பெற்ற ஊர்களையும் அங்கிருந்து ஓரிரு முறை எட்டிப் பார்த்து வர முடியுமா? அங்கே வாழ்ந்தவர்கள், தங்கியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – மலைச்சரிவு

வணக்கம் தாழைமடல். வேலையின் பொருட்டு ஜெனோவாவில் வசிப்பவன் என்பதால் அந்நகரம் இருக்கும் வடமேற்கு இத்தாலியின் லிகூரியக் கடற்கரையைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் தேவைக்குச் சின்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களும் ஏற்றவை அல்ல. அவற்றுக்கு ஒரே ஒரு ரயில் நிறுத்தம் தள்ளியிருக்கும் லேவன்தோதான் ஏற்றது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வண்ணச் சுவர்களைவிட நில அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதியில் மலை கடலுக்குள் நேராக இறங்குகிறது. ஓடை ஒன்று மலையைக் கீறிக்கொண்டு கடலில் கலக்கும் இடுக்கில்தான் பெரும்பாலும் ஊர் உருவாகியிருக்கிறது. ஐந்து ஊர்களில் ஒன்றான வெர்னாட்சாவின் முதன்மைத் தெருவே மூடப்பட்ட ஓடையின் மீதுதான் ஓடுகிறது. 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் அந்த ஓடை சேற்றையும் கற்களையும் வாரிக்கொண்டு வந்து வெர்னாட்சாவை மூழ்கடித்தது. மோன்தெரோஸ்ஸோவின் பழைய ஊருக்கும் அதே கதிதான். அந்த ஒற்றைத் தெருவை விட்டு விலகினால், எந்த வீட்டுக்குப் போவதானாலும் செங்குத்தான படிகள்தாம். மனரோலாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் இதே நிலைதான். அங்கே மணல் கடற்கரையும் கிடையாது, பாறைகளிலிருந்து தண்ணீரில் குதிக்கிறார்கள். கோர்னிலியாவோ கடலிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகச் சுமார் 380 படிகள் ஏற வேண்டும், அல்லது சிற்றுந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஐந்தில் ஓரளவு சமதளமும் நல்ல கடற்கரையும் உள்ளது மோன்தெரோஸ்ஸோ மட்டுமே. அதிலும் ரயில் நிலையத்தை ஒட்டிய ஃபெஜினா என்ற புதிய பகுதிதான் சமமானது.

அப்படியானால் மோன்தெரோஸ்ஸோவிலேயே தங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். தங்கலாம், தவறில்லை. ஆனால் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை ரயிலிலும் படகிலும் வந்து இறங்குகிற பகல்நேரக் கூட்டம் செப்டம்பரிலும் குறைவதில்லை. ஓய்வுக்கென்று போனவர்கள் அந்த ஏழு மணி நேரமும் அறைக்குள் அடைந்து கிடப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

லேவன்தோ மலைகள் சற்று விலகி நிற்கும் அகலமான பள்ளத்தாக்கில் இருப்பதால் ஊரின் பெரும்பகுதி தட்டையாகவே அமைந்துவிட்டது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, வாரச் சந்தை, மாலையில் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வம்பளக்கும் முதியவர்கள் என ஊர் ஊராகவே இயங்குகிறது. மணலும் கூழாங்கல்லும் கலந்த நீளமான கடற்கரை இருக்கிறது. அது மேற்கு நோக்கியது என்பதால் செப்டம்பர் பிற்பாதியில் ஏழரை மணியை ஒட்டிச் சூரியன் கடலில் இறங்குவதைக் கரையோர நடைபாதையில் உட்கார்ந்தே பார்க்கலாம். மிலானிலிருந்து நேரடி இன்டர்சிட்டி ரயில் சுமார் மூன்று மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். இடையில் மாற வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் பெரும்பாலும் சமதளத்தில் கால் மணி நேர நடை.

ஆனால் உங்கள் அம்மாவுக்காக நான் இந்த ஊரைச் சொல்வதற்கு உண்மையான காரணம் வேறொன்று. லேவன்தோவிலிருந்து போனஸ்ஸோலா வழியாக ஃப்ரமூராவுக்குக் கடலோரமாகவே ஓடிய பழைய ஒற்றை ரயில்பாதை, இரட்டைப் பாதை போட்டபோது மலைக்குள் தள்ளி மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட அந்தப் பாதையைத்தான் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரிய வழியாக மாற்றியிருக்கிறார்கள். ரயில் ஓடிய பாதை ஆதலால் ஏற்றம் இறக்கம் என்று சொல்லும்படி எதுவுமில்லை. மொத்த நீளம் 6 கிலோமீட்டருக்குள்தான். பெரும்பகுதி சுரங்கங்களுக்குள் செல்கிறது. விளக்குகள் போட்டிருக்கிறார்கள், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் தனித்தனித் தடம் பிரித்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தும் நேரத்திலும் உள்ளே கல்லின் குளிர்ச்சி முகத்தில் அடிக்கும். இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே பாதை சட்டென்று வெளிச்சத்துக்கு வரும் இடங்களில், கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கீழே நீல நீரும், பாறையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் உள்ளூர்க்காரர்களும் தெரிவார்கள். அம்மா நிதானமாக நடந்து போனஸ்ஸோலாவை அடைந்து, அங்கே கடற்கரையில் உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டு, திரும்பி வர மனமில்லை என்றால் ஒரு நிறுத்தம் ரயிலில் வந்துவிடலாம். இப்படியொரு நடை ஐந்து ஊர்களில் எங்கும் கிடைக்காது.

புகழ்பெற்ற ஊர்களைப் பார்க்க மோன்தெரோஸ்ஸோ ரயிலில் சில நிமிடத் தொலைவு. மற்றவையும் அடுத்தடுத்து வந்துவிடும். ஒருநாள் காலை எட்டு மணிக்கு முன்னால் வெர்னாட்சாவில் இறங்கிவிடுங்கள். நிலையத்திலிருந்து சிறு துறைமுகம் வரை தெரு மெல்லச் சரிந்தபடி இறங்கும். சுற்றுலாக் குழுக்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு வரும்போது நீங்கள் திரும்பி ரயில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். வெர்னாட்சா, ரியோமஜ்ஜோரே நிலையங்களில் நடைமேடையின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கதவு திறந்ததும் இருட்டாக இருக்கிறதே என்று தயங்கி இறங்காமல் இருந்துவிடாதீர்கள்.

ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் காதலர் பாதை 2012-இல் பாறை சரிந்து மூடப்பட்டு, 2024 கோடையில்தான் மறுபடியும் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான, ஏறக்குறைய சமமான பாதை அது. முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. அம்மாவுக்கு ஐந்து ஊர்ப் பகுதியில் ஒரு நடை வேண்டுமென்றால் அது ஒன்றுதான் பொருந்தும். மற்ற மலைப்பாதைகளை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

மறுமொழி – உப்புக்காற்று

மலைச்சரிவு சொன்னதில் நில அமைப்பைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கடலில் குளிப்பதுதான் முதன்மை என்றால் தெற்கை இவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. செப்டம்பர் கடைசியில் லிகூரியக் கடலைவிட நேப்பிள்ஸ் பக்கத்துக் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். உணவிலும் மனிதர்களின் பேச்சிலும் உள்ள கலகலப்பு வேறு வகையானது.

பொசிதானோவை மட்டும் மறந்துவிடுங்கள். அது படிக்கட்டுகளால் ஆன ஊர். படகிலிருந்து பார்த்து ரசிக்கலாம், முழங்கால் வலியோடு தங்க முடியாது. அமால்ஃபி கடற்கரையில் உங்களுக்கு ஏற்றவை மையோரியும் அதை அடுத்த மினோரியும்தாம். 1954 அக்டோபரில் சலேர்னோ பகுதியில் 300-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தில் மையோரி பெரும் அழிவைக் கண்டது. அதன் பின்னர் கடற்கரையோரம் புதிதாகக் கட்டப்பட்டதால் ஊரின் முன்பக்கம் சாதாரண அடுக்குமாடிகளாகத்தான் தெரியும். படத்துக்கு எடுப்பாக இராது. ஆனால் அந்தக் கரை முழுவதிலும் மிக நீளமான கடற்கரை அங்கேதான் இருக்கிறது, அதை ஒட்டிய நடைபாதை மேசைபோலச் சமமாக ஓடுகிறது.

அழகும் வேண்டும் என்றால் மினோரி. ஊர் சிறியது, சதுக்கம், தேவாலயம், கடற்கரை எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய மாளிகை ஒன்றின் எச்சம் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே கிடக்கிறது. சுற்றிலும் எலுமிச்சைத் தோட்டங்கள், கஷ்கொட்டை மரக் கழிகளால் பந்தல் போட்டு, அதன் மேல் வலை விரித்து, மலைச்சரிவு முழுவதும் தட்டுத்தட்டாக ஏறிக்கொண்டே போகும். அந்த எலுமிச்சைகள் கையளவுக்கு நீண்டு, தோல் தடித்து, நம் ஊர் எலுமிச்சையின் கடுப்பு இல்லாமல் இருக்கும். தோலோடு வெட்டிச் சர்க்கரை தூவியே தின்கிறார்கள்.

அங்கே சாலைவழிப் பேருந்தை நம்ப வேண்டாம். மலையோரச் சாலை குறுகலானது, பேருந்தில் கோடை முழுவதும் நிற்கவே இடம் கிடைக்காது. சலேர்னோவிலிருந்து படகில் வருவதுதான் முறை. வசந்த காலம் தொடங்கி அக்டோபர் வரை சேத்தாரா, மையோரி, மினோரி, அமால்ஃபி, பொசிதானோ என்று படகுகள் வரிசையாக நின்று செல்கின்றன. அமால்ஃபியில் இறங்கி, அங்கிருந்து நடைச் சுரங்கம் வழியாகப் பத்து நிமிடத்தில் அத்ரானிக்குப் போகலாம். பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய நகராட்சி அதுதான். ஒரு சதுர கிலோமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை.

ப்ரோச்சிதா தீவையும் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக அறிவிக்கப்பட்ட தீவு அது. ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீட்டர்தான். படங்களில் வரும் கொர்ரிசெல்லா மீனவர் குடியிருப்புக்குப் படி இறங்கித்தான் போக முடியும் என்பதால் அங்கே அறை எடுக்காதீர்கள். தீவின் மறுமுனையில் உள்ள கியயொலெல்லாவில் துறையும் கடற்கரையும் சமதளத்தில் இருக்கின்றன. நேப்பிள்ஸிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். காப்ரியைப் போலக் கடைவீதிப் பகட்டு அங்கே இல்லை. மாலையில் வலை சரிசெய்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

தாழைமடல்

இருவருக்கும் மிக்க நன்றி. ஊரின் பெயரைத் தேடுவதற்கு முன் அதன் சரிவைத் தேட வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மினோரியைப் பற்றிப் படித்ததும் துணைவர் அதன் பக்கம் சாய்ந்துவிட்டார். அம்மாவோ சுரங்கப் பாதையை விடாமல் பிடித்துக்கொண்டார். மிலானிலிருந்து தெற்கே போய்த் திரும்புவது எவ்வளவு அலைச்சல் என்பதைச் சொன்னால் முடிவெடுத்துவிடுவோம். அம்மாவின் சாப்பாட்டைப் பற்றியும் யாராவது விளக்க வேண்டும். கடலோர ஊர் என்றாலே மீன் இல்லாமல் எதுவும் இருக்காது என்று உறவினர்கள் இப்போதே பயமுறுத்துகிறார்கள். தங்குமிடம் பதிவு செய்யும்போது எதையெல்லாம் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதும் புரியவில்லை.

மறுமொழி – கீரைக்கட்டு

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். சைவ உணவுக்காரியாகவே இத்தாலியில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்தவள் நான். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை லிகூரியாவைவிட வசதியான கடற்கரை அந்நாட்டில் இல்லை என்றே சொல்வேன். அது கடலோரம்தான், ஆனால் அங்குள்ள சமையல் மலைச்சரிவில் விளைந்த கீரை, துளசி வகை, ஆலிவ் எண்ணெய், பயறு ஆகியவற்றைச் சார்ந்தது.

முதலில் ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான் அதில் சேர்கிறது. மாவைக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்து, நுரையை வழித்தெடுத்துவிட்டு, ஒரு கை விரிப்புக்கும் அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மேலே பொன்னிறமாக மொறுமொறுத்து, உள்ளே களிபோலக் குழைந்து வரும்; துண்டு போட்டு, மிளகுத்தூள் தூவி, காகிதத்தில் வைத்துத் தருவார்கள். சூடாகத் தின்றால்தான் ருசி. பல கடைகளில் மாலையில்தான் அடுப்பு மூட்டுவார்கள் என்பதால் மதியம் கேட்டு இல்லையென்றதும் மனம் தளர வேண்டாம். சில இடங்களில் வெங்காயம் சேர்த்ததும் கிடைக்கும். பொடி மீன் தூவியதும் உண்டு, ஆகவே கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் சுடும் தட்டை ரொட்டியான ஃபொக்காச்சா காலையிலேயே கிடைக்கும். லிகூரியர்கள் அதைக் காப்பியில் தோய்த்தும் சாப்பிடுவார்கள். எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. ரெக்கோ ஊரின் பாலாடைக்கட்டி ஃபொக்காச்சா புளிக்கவைக்காத மெல்லிய மாவில் செய்வது, அதை ஒருமுறையாவது சாப்பிடச் சொல்லுங்கள். த்ரோஃபியே என்னும் சிறு திருகுப் பாஸ்தா மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் செய்யப்படுவது, முட்டை இல்லை. துளசி வகை இலையை அரைத்த பெஸ்தோ சாந்தில் பிரட்டி, உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்துத் தருவதுதான் அந்தப் பகுதியின் மரபு. ஆனால் தட்டையான நாடாப் பாஸ்தாக்கள் பலவற்றில் முட்டை உண்டு. கீரை அடைத்த பன்சோத்திப் பாஸ்தாவிலும், லேவன்தோவுக்கே உரிய கத்தஃபீன் என்னும் பொரித்த கீரைப் பொதியிலும் முட்டை சேர்ப்பார்கள். ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். “சென்சா உவோவா” என்றால் முட்டை இல்லாமல், “சென்சா பேஷே” என்றால் மீன் இல்லாமல். நெத்திலியை அவர்கள் மீன் கணக்கில் வைக்காமல் சுவையூட்டியாக நினைப்பதும் உண்டு என்பதால் “சென்சா அச்சூகே” என்று அதைத் தனியாகவே சொல்லிவிடுவது நல்லது.

பெஸ்தோவில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதன் விதிமுறைப்படியே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் பாலைத் திரிக்கிறார்கள். இதை அறிந்த பின் சில சைவர்கள் தொடுவதில்லை, சிலர் பொருட்படுத்துவதில்லை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள். தவிர்ப்பதென்றால் ஃபரினாத்தா, எண்ணெய் ஃபொக்காச்சா, தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்சா, காய்கறி வாட்டல் என்று சமாளிக்கலாம். மரினாரா என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அதில் மீனும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை.

தெற்கிலும் சைவ உணவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சேத்தாரா பக்கம் நெத்திலியை உப்பிலிட்டு வடித்தெடுக்கும் கொலத்தூரா என்னும் சாறு உண்டு; கண்ணுக்குத் தெரியாமல் பாஸ்தாவிலும் காய்கறியிலும் கலந்திருக்கும். கேட்காமல் சாப்பிட முடியாது.

இரவு உணவு பெரும்பாலான உணவகங்களில் ஏழு, ஏழரைக்கு முன்னால் தொடங்காது. அம்மா மாலை ஆறரைக்கே சாப்பிட்டுப் பழகியவரென்றால், அடுப்பு வசதியுள்ள வீடாகவே எடுத்துவிடுங்கள்.

மறுமொழி – மலைச்சரிவு

மிலானிலிருந்து சலேர்னோவுக்கு அதிவேக ரயிலிலேயே ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும், பின்னர் படகு. கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், அப்போது அந்தப் பேருந்துதான் கதி. போகவும் வரவும் ஒவ்வொரு நாள் முழுதாகக் கழிந்துவிடும். உப்புக்காற்று சொன்ன மினோரி நல்ல ஊர்தான். ஆனால் விமானம் நேப்பிள்ஸில் இறங்கும் பயணத்துக்கு அதை வைத்துக்கொள்வதே முறை என்பேன். கடல்நீரின் வெதுவெதுப்பில் அவர் சொல்லும் வேறுபாடு உண்மைதான் என்றாலும், செப்டம்பர் பிற்பாதியில் லிகூரியாவிலும் தண்ணீர் 22 முதல் 24 டிகிரி வரை இருக்கும். இறங்கிய சில நொடிகளில் உடம்பு பழகிவிடும். இத்தாலியப் பள்ளிகள் அதற்குள் திறந்துவிடுவதால் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டமும் வடிந்திருக்கும். அக்டோபருக்குத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம், அந்தக் கரையின் பெருமழைக் காலம் அதுதான்.

வீடு பதிவு செய்வதைப் பற்றி. விளம்பரத்தில் “கடலிலிருந்து 200 மீட்டர்” என்று போட்டிருப்பார்கள். அந்த 200 மீட்டர் கிடையாகவா செங்குத்தாகவா என்பது அங்கே போனால்தான் தெரியும். ஆகவே தெருவிலிருந்து வீட்டு வாசல்வரை எத்தனை படிகள் என்று எண்ணிக்கை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “பிரீமோ பியானோ” என்பது தரைத்தளத்துக்கு மேலே உள்ள மாடி; தரைத்தளம் வேண்டுமென்றால் “பியானோ தெர்ரா” என்று கேட்க வேண்டும். மின்தூக்கி இருக்கிறது என்றாலும் விடாதீர்கள். பழைய கட்டடங்களில் பின்னாளில் பொருத்திய மின்தூக்கி பல நேரங்களில் அரை மாடிப் படிகளுக்கு மேலேதான் தொடங்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான், நான்காம் மாடிக்கு மின்தூக்கி உண்டு என்று நம்பிப் போய், அதன் கதவை அடையவே பதினைந்து படி ஏற வேண்டியதாயிற்று. லேவன்தோவில் பழைய கோட்டைச் சுவருக்குக் கீழே உள்ள மேட்டுத் தெருக்களைத் தவிர்த்து, கடற்கரைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் உள்ள பகுதியில் தேடுங்கள். அங்கே மனதுக்குப் பிடித்த வீடு அமையவில்லை என்றால் செஸ்ட்ரி லெவான்தேயைப் பாருங்கள். சிற்றூர் என்பதைவிடச் சிறு நகரம்; ஆனால் இரண்டு விரிகுடாக்களுக்கு நடுவிலுள்ள தட்டையான நிலத்தில் அமைந்திருக்கிறது. ஒருபக்கம் அகன்ற மணற்கரை, மறுபக்கம் மௌன விரிகுடா எனப்படும் சிறு வளைகரை, இடையில் வண்டி புகாத தெரு ஒன்று, அவ்வளவுதான். மிலானிலிருந்து வரும் அதே ரயில் அங்கும் நிற்கும்.

கடற்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் வரிசையாகப் போட்டிருக்கும் பகுதிகள் கட்டணமுள்ளவை. முன்வரிசைக்கு விலை கூடும். அவற்றுக்கு இடையிலேயே யாரும் துண்டு விரித்துப் படுக்கக்கூடிய இலவசப் பகுதியும் உண்டு. அம்மாவுக்காகக் கட்டணப் பகுதியை எடுப்பது நல்லது. தரையில் உட்கார்ந்து எழும் தொல்லை இராது, கழிவறையும் அருகிலேயே இருக்கும். கூழாங்கற்கள் பாதத்தை வதைக்கும் என்பதால் நீரில் அணியும் ரப்பர் காலணி மூவருக்கும் கட்டாயம் வேண்டும். முதல் நாளே கரையோரக் கடையில் வாங்கிவிடுங்கள்.

ஐந்து ஊர்களுக்கும் படகில் போகும் ஆசை வந்தால், படகின் முகப்பிலிருந்து கரைக்குப் போடும் ஒடுக்கமான பலகையில் நடந்துதான் ஏறி இறங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அலை சற்றுப் பெரிதாக இருந்தால் பலகை ஆடும். ஊழியர் கையைப் பிடித்துக்கொள்வார் என்றாலும் அம்மாவுக்கு அது வேண்டாத சோதனை. கோர்னிலியாவுக்குத் துறையே கிடையாது என்பதால் படகு அங்கே நிற்காது.

ரயிலிலும் படிகள் உயரமானவை. சிறு நிலையங்களில் நடைமேடை மாறுவதற்குச் சுரங்கப் படிகளில் இறங்கி ஏற நேரும். மிலான் சென்த்ராலே போன்ற பெரிய நிலையங்களில் சாலா ப்ளூ என்ற உதவி மையம் இருக்கிறது. முன்கூட்டிப் பதிவு செய்தால் சக்கர நாற்காலியும் வண்டியில் ஏற்றும் மேடையும் கட்டணமின்றித் தருவார்கள். இறங்கும் நிலையத்திலும் அந்த உதவி உண்டா என்பதைப் பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் நடக்கும். வேலை நாள்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் வட்டார ரயில்களில் குறைந்தபட்ச சேவை இருக்க வேண்டும் என்பது விதி. விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே மிலானுக்கு வந்து தங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

தாழைமடல்

லேவன்தோவில் கடற்கரைக்குப் பின்தெருவில் தரைத்தள வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. படிகளின் எண்ணிக்கையைக் கேட்டேன். வாசலில் இரண்டு, உள்ளே எதுவுமில்லை என்று உரிமையாளர் எழுத்தில் தந்திருக்கிறார், அடுப்பும் உண்டாம். கடைசி இரவை மட்டும் மிலானில் வைத்துக்கொண்டு, மீதி நாள்கள் முழுவதற்கும் பதிவு செய்துவிட்டோம். பார்மிஜானோ செய்தியை அம்மாவிடம் சொன்னேன். பெஸ்தோ தனக்கு வேண்டாம், ஃபரினாத்தா போதும் என்றார். மூவருக்கும் நன்றி.